ஐஇஎல்டிஎஸ் ரைட்டிங்: மதிப்பெண் எங்கே போகிறது?

ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில் மற்ற மூன்று பகுதிகளிலும் (லிசனிங், ரீடிங், ஸ்பீக்கிங்) 9-க்கு 7 எடுத்துவிட்டு ரைட்டிங்கில் மட்டும் 6-இல் நிற்பவர்கள் நிறையப் பேர். கேட்டால் "வொக்காபுலரி போதவில்லை" என்பார்கள். கட்டுரையை வாங்கிப் பார்த்தால் சொல்வளம் ஓரளவு இருக்கும். கேள்விக்குப் பதில்தான் இருக்காது.

மொத்தம் 60 நிமிடம், இரண்டு டாஸ்க். முதலாவது, வரைபடத்தை விவரிப்பது (அகாடமிக் தேர்வில்) அல்லது கடிதம் (ஜெனரல் டிரெயினிங் தேர்வில்), குறைந்தது 150 சொற்கள். இரண்டாவது கட்டுரை, 250. டாஸ்க் 2-க்கு இரு மடங்கு மதிப்பு என்பதால் 20 நிமிடம், 40 நிமிடம் என்று பிரித்துக்கொள்வதே சரி. வரைபடத்தில் இருக்கும் எண்களையெல்லாம் ஒன்றுவிடாமல் எழுதி அரை மணி நேரத்தைத் தொலைப்பவர்கள் பலர். அந்தப் பத்து நிமிடம் பின்னால் கிடைக்காது.

டாஸ்க் 2-க்கு முதல் ஐந்து நிமிடம் பேனாவைக் கீழே வையுங்கள். "பல்கலைக்கழகக் கல்வி அனைவருக்கும் இலவசமாக வேண்டும் என்கிறார்கள், நீங்கள் எந்த அளவு ஒத்துப்போகிறீர்கள்?" என்று கேள்வி வந்தால், கல்வியின் பெருமையை இரண்டு பத்தி எழுதிவிடுகிறார்கள். கேட்டது இலவசம் பற்றி, அதுவும் 'அனைவருக்கும்' பற்றி. வசதி உள்ளவருக்கும் இலவசமா, செலவை யார் ஏற்பது, இதில் உங்கள் நிலை என்ன? முன்னுரையிலேயே அந்த நிலையைச் சொல்லி, முடிவுரை வரை மாற்றாமல் கொண்டுபோக வேண்டும். இரு தரப்பையும் அலசச் சொல்லும் கேள்வியில் ஒரு தரப்பை விட்டுவிட்டால், மொழி எவ்வளவு அழகாக இருந்தாலும், கேள்விக்கு முழுப் பதில் இருக்கிறதா என்று பார்க்கும் அளவுகோலில் அடி விழும்.

நடுவே இரண்டு பத்தி போதும். ஒவ்வொன்றிலும் ஒரே கருத்து, அதற்குக் காரணம், ஒரு எடுத்துக்காட்டு. நான்கைந்து கருத்துகளை ஒற்றை வரியில் தொட்டுச் செல்வதைவிட இது எப்போதும் மேல்.

மனப்பாட டெம்ப்ளேட்டைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. எந்தத் தலைப்புக்கும் பொருந்தும் முன்னுரை, எந்தத் தலைப்பையும் பற்றி எதுவும் சொல்லாது. மதிப்பிடுபவர் அதை முதல் வரியிலேயே கண்டுகொள்வார். கேள்வியை அப்படியே நகலெடுத்தாலும் பயனில்லை.

டாஸ்க் 1 அகாடமிக்கில், மொத்தப் போக்கைச் சொல்லும் 'ஓவர்வியூ' பத்தியை விடவே கூடாது. எது ஏறியது, எது இறங்கியது, எது மிகப் பெரியது என்று இரண்டு வாக்கியம் போதும். எண்கள் அடுத்த பத்திகளுக்கு. ஏன் ஏறியது என்ற ஊகம் வேண்டாம், தரவில் இல்லாதது அது. ஜெனரல் டிரெயினிங் கடிதத்தில் கொடுத்த மூன்று குறிப்புகளுக்கும் பதில் இருக்க வேண்டும். நண்பருக்கு எழுதுவதும் மேலாளருக்கு எழுதுவதும் ஒரே தொனியில் இருந்தால் மதிப்பெண் குறையும்.

இலக்கணத்தில் நம்மவர்களை வீழ்த்துவது கடினமான விதிகள் அல்ல. ஆர்ட்டிகிள் ('எ', 'ஆன்', 'தி') விடுபடுவது, 'ஹி', 'ஷி', 'இட்' பின் வரும் வினையில் 'எஸ்' போடாதது, 'இன்ஃபர்மேஷன்' போன்ற சொற்களைப் பன்மையாக்குவது, இரண்டு முழு வாக்கியங்களை வெறும் காற்புள்ளியால் ஒட்டுவது. கடைசி மூன்று நிமிடம் இந்த நான்கை மட்டும் தேடுங்கள். கணினித் தேர்வில் சொல் எண்ணிக்கை திரையில் தெரியும், ஆனால் எழுத்துப்பிழையை யாரும் அடிக்கோடிட்டுக் காட்டமாட்டார்கள். அதனால் வீட்டில் பயிற்சி செய்யும்போதே ஸ்பெல் செக்கை அணைத்துவிடுங்கள்.

தினம் ஒரு புதுக் கட்டுரை எழுதிக் குவிப்பதைவிட, திருத்தம் வாங்கிய கட்டுரையை இரண்டு நாள் கழித்து, பழையதைப் பார்க்காமல், கடிகாரம் வைத்து மறுபடி எழுதுங்கள். அதே பிழை திரும்ப வருகிறதா என்பது அப்போதுதான் தெரியும்.