பின் இருக்கைக்கும் சீட் பெல்ட் உண்டு

கார் விபத்தில் அடிபட்டு அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வரும் இளைஞர்களிடம், அல்லது அவர்களைத் தூக்கி வந்த நண்பர்களிடம், யார் எந்த இருக்கையில் இருந்தார்கள், சீட் பெல்ட் போட்டிருந்தார்களா என்று கேட்காமல் நாங்கள் சிகிச்சையைத் தொடர்வதில்லை. வெளியே தெரியாத காயம் எங்கே இருக்கக்கூடும் என்பதற்கு அந்தப் பதில் வழிகாட்டும். "பின்னாடிதானே சார் உட்கார்ந்திருந்தோம்" என்பதே நான் அதிகம் கேட்கும் பதில். முன்னால் இருப்பவர்கூடப் போலீஸ்காரரைக் கண்டதும்தான் பெல்ட்டை இழுக்கிறார் என்பது வேறு கதை.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் மோதி நின்றாலும் உள்ளிருப்பவரின் உடல் அதே வேகத்தில் முன்னே பாயும். ஏறத்தாழ 14 மீட்டர் உயரத்திலிருந்து விழுபவர் தரையில் மோதும் வேகம் அது. கையை ஊன்றிச் சமாளிக்கக் கூடியதல்ல. பெல்ட் அணியாமல் பின்னால் இருப்பவர் முன் இருக்கையின் முதுகில் வந்து மோதும்போது, முறையாகப் பெல்ட் அணிந்திருக்கும் ஓட்டுநரும் அந்த எடையில் நசுங்க நேரிடுகிறது. 2022 செப்டம்பரில் மகாராஷ்டிரத்தின் பால்கர் அருகே தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி உயிரிழந்த விபத்தில் முன்னிருக்கையில் இருந்த இருவரும் பிழைத்தார்கள். பெல்ட் அணியாமல் பின்னால் இருந்த இருவரும் இறந்தார்கள்.

பின் இருக்கையில் இருப்பவரும் பெல்ட் அணிய வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதிகளிலேயே உள்ளது. 2019 சட்டத் திருத்தத்தின்படி அபராதம் 1,000 ரூபாய். ஆனால் நம் ஊர்க் கார்கள் பலவற்றில் பின் இருக்கையில் பெல்ட்டைச் செருகும் பக்கிளைத் தேடித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. புதுக் காருக்குச் சீட் கவர் தைத்து மாட்டும்போது பக்கிள்கள் கவருக்கு அடியில் புதைந்துபோகின்றன. வண்டியை எடுக்கும்போது அவை வெளியே இருக்கின்றனவா என்று பார்ப்பவர் அரிது. இதைவிட மோசமானது, எச்சரிக்கை ஒலியை நிறுத்துவதற்காகப் பக்கிளில் செருகும் போலிக் கிளிப். 2023-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இவற்றை இணைய விற்பனைத் தளங்களிலிருந்து நீக்க உத்தரவிட்டது. ஏர்பேக் இருக்கிறதே என்ற சமாதானமும் உதவாது; பெல்ட்டோடு சேர்ந்து வேலை செய்வதற்காக வடிவமைக்கப்பட்டது அது. பெல்ட் இல்லாமல் முன்னே சரிந்தவரின் முகத்துக்கு நேரே விரியும்போது அதுவே காயப்படுத்தும்.

பெல்ட்டை அணியும் விதமும் முக்கியம். கீழ்ப்பட்டை வயிற்றின் மேல் அல்லாமல் இடுப்பெலும்பின் மேல் தாழ்வாகப் படிய வேண்டும். மேல்பட்டை தோளின் நடுவிலிருந்து மார்புக்குக் குறுக்காக வர வேண்டும். கழுத்தில் உரசுகிறது என்று அதை அக்குளுக்கு அடியில் விடுபவர்களுக்கு விலா எலும்புகள் முறிவதோடு கல்லீரலும் மண்ணீரலும் கிழியக்கூடும். வார இறுதியில் இரவோடு இரவாக ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ கிளம்பும் நண்பர் குழுக்களில், ஓட்டுநருக்குப் பக்கத்தில் இருப்பவர் இருக்கையை முழுவதும் சாய்த்துத் தூங்குவது வழக்கம். அப்போது மோதல் நேர்ந்தால் உடல் பெல்ட்டுக்கு அடியில் வழுக்கிச் சென்று, பட்டை வயிற்றை அறுத்து அழுத்தும்.

விபத்துக்குப் பிறகு வயிற்றில் பெல்ட் பதிந்த சிவந்த தடம் இருந்தால், நடக்க முடிகிறது, வலி அதிகமில்லை என்று வீட்டுக்குப் போய்விடக் கூடாது. குடலில் ஏற்பட்ட கிழிசல் பல மணி நேரம் கழித்தே வலியாகவும் காய்ச்சலாகவும் வெளிப்படலாம் என்பதால், அன்றே மருத்துவமனைக்கு வந்து அந்தத் தடத்தைக் காட்டுங்கள்.