க்னாவா ராக்கில் உங்கள் கிட்டார் கேட்கவில்லையா? டிரெபிளைத் தொடாதீர்கள்

சவுண்ட் செக்கில் கிட்டார் வாசிப்பவர் என்னிடம் முதலில் சொல்வது அநேகமாக இதுதான்: "என் கிட்டார் எனக்கே கேட்கலை." சொல்லி முடிப்பதற்குள் கை ஆம்ப்பில் உச்ச ஒலியைக் கூட்டும் டிரெபிள் திருகுக்குப் போயிருக்கும், அப்புறம் வால்யூமுக்கு. மொராக்கோவின் க்னாவா இசையை ராக்கோடு கலக்கும் குழுக்களுக்குச் சில வருடங்களாக ஒலி அமைக்கிறேன். இந்தத் திருகல் உதவியதை நான் பார்த்ததில்லை.

பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள். க்ராகெப் என்பது இரும்புத் தாளம், ஒவ்வொரு கையிலும் ஒரு ஜோடி. நான்கு பேர் சேர்ந்து தட்டினால் மேல் அலைவரிசை முழுக்க அவர்களுடையது. கீழே கெம்ப்ரி. மரத்தைக் குடைந்து ஒட்டகத் தோல் போர்த்திய மூன்று தந்தி வாத்தியம், பேஸ் கிட்டாரின் வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும். உங்களுக்கு மிஞ்சுவது நடுப்பகுதி, நான் வழக்கமாக 400 முதல் 1,500 ஹெர்ட்ஸ் வரை தேடுவேன். ஆனால் வீட்டில் தனியாக உட்கார்ந்து டோன் வைப்பவர்கள் குறைப்பதே அந்த நடுப்பகுதியைத்தான். போதாததற்கு, சத்தம் குறைவாக இருக்கும்போது நம் காதுக்குப் பேஸும் டிரெபிளும் மங்கித்தான் கேட்கும், அதை ஈடுகட்ட ராத்திரி இரண்டையும் ஏற்றி வைத்து, மறுநாள் மேடை வால்யூமில் அது அடியில் குழம்பி மேலே காதைக் குத்தும்.

டிஸ்டார்ஷனை, அதாவது ஒலியைக் கரகரப்பாக்கும் கெயினை, பாதியாகக் குறையுங்கள், உண்மையிலேயே பாதி. கெயின் ஏற ஏற தந்தியை மீட்டும் அந்த முதல் 'டக்' அமுங்கிப்போகும், க்னாவாவில் கிட்டார் தாளத்தோடு பின்னிக்கொள்வதே அந்த 'டக்'கால்தான். எதிரொலி போடும் டிலேயும் இங்கே வம்புதான்: க்ராகெப்பின் அடிகள் சம இடைவெளியில் விழுவதில்லை, தாளத்தை இரண்டாகப் பிரிப்பதற்கும் மூன்றாகப் பிரிப்பதற்கும் நடுவே எங்கேயோ ஊசலாடும். பாட்டின் வேகத்துக்குப் பூட்டிய டிலே அதோடு மல்லுக்கு நிற்கும். 100 மில்லிசெகண்டுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு எதிரொலி போதும், இல்லையென்றால் அணைத்துவிடுங்கள்.

இன்னொன்று, வட ஆப்பிரிக்கா என்றதும் அரபு இசையின் ஹிஜாஸ் ஸ்கேலை எடுத்து விடுகிறார்கள். க்னாவா பெரும்பாலும் ஐந்து சுரம்தான் சாமி! ஏதோ ஒட்டவில்லை என்று ஒலியை மாற்றும் பெடல் மேல் பெடலாக வாங்குகிற பலருக்குக் கோளாறு பெடலில் இல்லை.

சரி, காது. 85 டெசிபலில் 8 மணி நேரம் தாங்கலாம் என்பது பணியிடக் கணக்கு, 3 டெசிபல் ஏறினால் நேரம் பாதியாகும், 100-இல் 15 நிமிடம்தான். சின்ன ஒத்திகை அறையில் ஆளுக்கு ஆள் போட்டியாக வால்யூமைக் கூட்டினால் அந்த இடத்துக்குப் போக ரொம்ப நேரம் ஆகாது. காதடைப்பான் போடுங்கள், ஆனால் இசைக்கலைஞர்களுக்கென்று எல்லா அலைவரிசையையும் ஏறக்குறைய சமமாகக் குறைக்கும் வகை வருகிறதே, அதை. சாதாரண நுரை வகை உச்சத்தைத்தான் அதிகம் வெட்டும், அதை மாட்டிக்கொண்டு டோன் வைத்தால் மறுபடி டிரெபிளைத்தான் திருகுவீர்கள்.