பட்டியலில் உள்ள வீட்டுக்குப் பின்புறமும் உண்டு

இங்கிலாந்தின் பாத் நகரில் இளைய ஜான் வுட் 1767இல் கட்டத் தொடங்கிய ராயல் கிரசென்ட், பிறைபோல் வளைந்து நிற்கும் 30 வீடுகளின் வரிசை. முகப்பு நெடுக ஒரே சீராக, உச்சியில் சுருள் வேலைப்பாடு கொண்ட அயோனிக் என்னும் கிரேக்கப் பாணித் தூண்கள் நிற்கின்றன. ஆனால் வுட் வகுத்தது அந்த முகப்பை மட்டுமே. மனையை எடுத்த ஒவ்வொருவரும் அதன் பின்னால் தத்தம் விருப்பப்படி வீட்டைக் கட்டிக்கொண்டதால், பின்பக்கத்தில் கூரையின் உயரமும் சாளரங்களின் இடமும் வீட்டுக்கு வீடு மாறுகின்றன.

கட்டடக்கலைச் சிறப்போ வரலாற்றுச் சிறப்போ கருதி அரசு பாதுகாக்கும் கட்டடங்களின் பட்டியலில் இந்த வரிசையும் உள்ளது. அதன் சீரற்ற பின்புறத்துக்கும் முகப்புக்கும் சட்டம் தரும் பாதுகாப்பு ஒன்றே. பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இதுதான். 1990ஆம் ஆண்டின் பட்டியலிடப்பட்ட கட்டடங்கள் சட்டத்தின்படி, பட்டியலில் ஏறுவது பொதுவாகக் கட்டடம் முழுவதும்: மாடிப்படியின் கைப்பிடி, கணப்படுப்பைச் சுற்றிய சட்டகம், கூரையின் சுதை வேலைப்பாடு, நிலவறைச் சமையலறை ஆகிய யாவும் அதில் அடங்கும். வீட்டு வளாகத்துக்குள் 1948 ஜூலை 1க்கு முன்பிருந்தே நிற்கும் மதிலும் கொட்டகையும்கூடப் பெரும்பாலும் சேர்ந்துவிடும்.

தரம் 1, தரம் 2 நட்சத்திரம், தரம் 2 என மூன்று நிலைகள் உள்ளன. ராயல் கிரசென்ட் முதல் தரத்தைச் சேர்ந்தது. பட்டியலில் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டவை தரம் 2. தரம் குறைந்தால் கட்டுப்பாடும் குறையும் என்று எண்ணக் கூடாது. அனுமதி பெறும் கடமை மூன்றுக்கும் பொது.

கட்டடத்தின் சிறப்புத் தன்மையைப் பாதிக்கும் எந்த மாற்றத்துக்கும் உள்ளூர்த் திட்ட அமைப்பிடம் முன்அனுமதி வேண்டும். விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. பழைய பொருளாலேயே பழையபடி பழுதுபார்ப்பதற்குப் பொதுவாக அனுமதி தேவையில்லை. ஆனால் மெல்லிய மரச்சட்டங்களில் பதித்த பழங்கண்ணாடியை எடுத்துவிட்டு இரட்டைக் கண்ணாடி பொருத்துவது வேறு விஷயம், ஏனெனில் மரச்சட்டம் தடித்தவுடன் அக்கால முகப்பின் அளவுப் பொருத்தமே குலைந்துவிடும். வண்ணமும் வழக்காகலாம். 1970களில் இதே வரிசையின் 22ஆம் எண் வீட்டுக் கதவுக்கு மஞ்சள் பூசப்பட்டபோது, வெள்ளையாக்கும்படி நகராட்சி ஆணையிட்டது. மேல்முறையீட்டில் அமைச்சரின் தீர்ப்பு வீட்டுக்காரருக்குச் சாதகமாக அமைந்ததால் கதவு மஞ்சளாகவே நின்றது. அனுமதி மறுக்கப்பட்டால் உங்களுக்கும் அவ்வாறு மேல்முறையீடு செய்யும் உரிமை உண்டு.

அனுமதியின்றி மாற்றுவது குற்றம்; இரண்டாண்டு வரை சிறையோ, உச்சவரம்பற்ற அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். இதைவிட வீடு வாங்குவோரை நான் எச்சரிக்க விரும்புவது வேறொன்று: முந்தைய உரிமையாளர் அனுமதியின்றிச் செய்த மாற்றத்தைச் சரிசெய்யும்படி இன்றைய உரிமையாளருக்கு ஆணை வரலாம், அதற்குக் கால வரம்பும் கிடையாது. ஆகவே கையொப்பமிடும் முன், வீட்டின் இன்றைய நிலையைப் பழைய அனுமதி ஆவணங்களோடு அறை அறையாக ஒப்பிட்டுப் பாருங்கள், பின்புறத்தையும் விட்டுவிடாதீர்கள்.