ஐந்து விநாடி தாமதமும் ஒரு பழைய வரியும்

போன மாதம் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவரின் வீட்டுக்குப் போயிருந்தேன். உபுண்டு என்ற லினக்ஸ் போட்ட கணினி. ஃபைபர் இணைப்புக்கு மாறிய பிறகும் எந்தத் தளமும் உடனே திறப்பதில்லை. கொஞ்ச நேரம் அப்படியே நிற்கும், அப்புறம் மளமளவென்று வந்துவிடும். "கம்ப்யூட்டர் பழசாயிடுச்சு தம்பி, புதுசு வாங்கிடட்டுமா?" என்று கேட்டார்.

கொஞ்சம் பொறுங்கள் அம்மா என்று சொல்லிவிட்டு, கட்டளைகளை எழுதும் டெர்மினலைத் திறந்தேன். 8.8.8.8 என்ற கூகுள் சர்வரின் எண்ணுக்கு, பதில் வருகிறதா என்று பார்க்கும் பிங் கட்டளையைக் கொடுத்தால் பதில் உடனே வந்தது. தளத்தின் பெயரைக் கொடுத்தால் மட்டும் ஐந்து விநாடி தாமதம். அந்த ஐந்துதான் துப்பு. தளத்தின் பெயரைச் சொன்னால் அதற்கு உரிய எண்ணைச் சொல்வது டிஎன்எஸ் சர்வர். லினக்ஸ் முதல் டிஎன்எஸ் சர்வரிடம் கேட்டுவிட்டு, வழக்கமாக ஐந்து விநாடி காத்திருக்கும். பதில் வராவிட்டால்தான் அடுத்த சர்வரிடம் போகும். ஒரு பக்கம் திறக்க ஏழெட்டுப் பெயர்கள் தேவைப்படுவதால் காத்திருப்பு கூடிக்கொண்டே போகும்.

எந்த டிஎன்எஸ் சர்வரிடம் கேட்பது என்று குறித்து வைக்கும், எட்சி கோப்புறைக்குள் இருக்கும் ரிசால்வ்.கான்ஃப் கோப்பைப் பார்த்தேன். முதல் வரியில், அவர் எப்போதோ விட்டுவிட்ட பழைய இணைப்பு நிறுவனத்தின் சர்வர் முகவரி. அத்தகைய சர்வர்கள் பெரும்பாலும் சொந்த வாடிக்கையாளர்களுக்கு மட்டுமே பதில் சொல்லும். முன்பு வந்த யாரோ அதைக் கையால் எழுதி, மாறாமல் இருக்கட்டும் என்று சாட்டர் கட்டளையால் பூட்டியும் வைத்திருந்தார்.

தயவுசெய்து இப்படிச் செய்யாதீர்கள். இன்றைய உபுண்டுவில் அது தனிக் கோப்பே இல்லை. சிஸ்டம்டி-ரிசால்வ்டு என்ற பெயர் தேடும் சேவை பராமரிக்கும் வேறொரு கோப்பைக் காட்டும் சுட்டி மட்டுமே. அதில் 127.0.0.53 என்று இருந்தால் பதற வேண்டாம். அது உங்கள் கணினிக்குள்ளேயே இயங்கும் அந்தச் சேவையின் முகவரி. நீங்கள் எழுதுவதை அந்தச் சேவை அழித்துவிடும். பூட்டி வைத்தால் ஆசிரியைக்கு நடந்ததுதான் நடக்கும்.

பூட்டைத் திறந்து, கையால் எழுதிய கோப்பை நீக்கிவிட்டு அந்தச் சுட்டியை மீட்டேன். மாற்ற வேண்டியதை நெட்வொர்க் செட்டிங்ஸில்தான் மாற்ற வேண்டும். இணைய முகவரிகளில் ஐபிவி4, ஐபிவி6 என்று இரண்டு வகை உண்டு. ஐபிவி4 பக்கத்தில் டிஎன்எஸ் எதிரே உள்ள ஆட்டோமேட்டிக்கை அணைத்துவிட்டு 9.9.9.9, 149.112.112.112 என்று கொடுத்தேன். இது குவாட்9 சேவை. தீங்கானவை என்று தெரிந்த தளங்களின் பெயர்களுக்கு எண் தராது. பலர் இதோடு நிறுத்திவிடுவார்கள். ஐபிவி6 பக்கத்திலும் ஆட்டோமேட்டிக்கை அணைக்காவிட்டால், ரூட்டர் தரும் சர்வரிடமே கேள்விகள் போகக்கூடும். இணைப்பைத் துண்டித்து மீண்டும் இணைத்து, ரிசால்வ்சிடிஎல் ஸ்டேட்டஸ் என்று கேட்டு, எந்த சர்வரின் முகவரியைக் காட்டுகிறது என்று கண்ணால் பார்த்துவிடுங்கள்.

பெயருக்கு எண் சொல்பவர் தப்பான எண்ணைச் சொன்னால் நாம் போலித் தளத்தில் போய் நிற்போம். டிஎன்எஸ்சேஞ்சர் என்ற தீநிரல் இதைத்தான் செய்தது. 2011 நவம்பரில் அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐயின் விசாரணையில் அந்தக் கும்பல் பிடிபட்டபோது, உலகெங்கும் சுமார் 40 லட்சம் கணினிகள் பாதிக்கப்பட்டிருந்தன. விண்டோஸும் மேக்கும்தான் அதன் இலக்கு. நாம் லினக்ஸ்தானே என்று இருந்துவிட முடியாது. கடவுச்சொல் மாற்றப்படாத ரூட்டர்களுக்குள்ளும் அது புகுந்து டிஎன்எஸ் அமைப்பை மாற்றியது. ரூட்டர் கெட்டால் அதை நம்பியிருக்கும் கைப்பேசிக்கும் டிவிக்கும் தப்பான பதில்தான் போகும்.

ஆசிரியையின் ரூட்டரிலும் வாங்கியபோது இருந்த கடவுச்சொல்லே இருந்தது. அவரையே புதிதாக ஒன்று யோசிக்கச் சொல்லி, மாற்றிவிட்டுத்தான் கிளம்பினேன்.