முகப்பு மட்டுமா நீதிமன்றம்?

பழைய நீதிமன்றத்தைச் சீரமைக்கும் திட்டம் எதுவானாலும், வரைபடத்தில் நான் முதலில் தேடுவது குற்றம்சாட்டப்பட்டவர் நிற்கும் கூண்டையும் சாட்சி மேடையையும்தான். கட்டடப் பாதுகாப்புத் துறையில் இருப்பவர்களுக்கு இந்தக் கவலை பழகிப்போனது. முகப்பை இடிப்பதாகச் சொன்னால் ஊரே திரண்டு வரும். உள்ளே இருக்கும் மரவேலைக்காகப் பேச ஆள் கிடைப்பதில்லை.

லண்டனின் மத்தியக் குற்றவியல் நீதிமன்றமான ஓல்டு பெய்லியைப் பாருங்கள். நியூகேட் சிறையை 1902இல் இடித்து, அதே இடத்தில் எட்வர்டு மவுன்ட்ஃபோர்டு வடிவமைத்த கட்டடம் இது. ஏழாம் எட்வர்டு மன்னர் 1907 பிப்ரவரியில் திறந்துவைத்தார். சிறையின் கற்களில் ஒரு பகுதி கீழ்த்தளச் சுவரில் மறுபடி இடம்பிடித்தது. குவிமாடத்தின் உச்சியில் வாளும் தராசும் ஏந்திய 12 அடி உயர நீதிதேவதை. அவள் கண்கள் கட்டப்பட்டிருப்பதாகவே பலர் நம்புகிறார்கள், திறந்துதான் இருக்கின்றன. இவை தெருவிலிருந்தே தெரிபவை.

இந்தக் கட்டடத்தின் அறிவு உள்ளேதான் இருக்கிறது. குற்றம்சாட்டப்பட்டவர் கீழ்த்தளக் காவல் அறையிலிருந்து தனிப் படிக்கட்டில் ஏறி, நேரே கூண்டுக்குள் வந்து நிற்கிறார். நீதிபதி வரும் வழி வேறு. வழக்கைக் கேட்டுக் குற்றவாளியா இல்லையா என முடிவு சொல்லும் சாதாரணக் குடிமக்களான ஜூரிகளின் வழி வேறு. பொதுமக்கள் மாடத்துக்கு வெளியிலிருந்தே தனி வாசல். நாள் முழுவதும் ஒரே கூரையின் கீழ் இருப்பவர்கள் விசாரணை அறையில் மட்டுமே எதிரெதிரே வருகிறார்கள். ஜூரியின் காதில் கிசுகிசுக்கவோ சாட்சியை மிரட்டவோ தாழ்வாரம் வசதி செய்து தரக்கூடாது என்று யோசித்துப் போட்ட திட்டம் இது. வசதிக்காக ஒரு கதவை அடைத்தாலும், ஒரு மேடையைத் தாழ்த்தினாலும் இந்த ஒழுங்கு குலையும்.

காயத்தையும் காக்க வேண்டியிருக்கும். ஓல்டு பெய்லிக்கு வெளியே 1973இல் நடந்த குண்டுவெடிப்பில் தெறித்த கண்ணாடிச் சில்லு ஒன்று பெரிய படிக்கட்டுக்கு மேலே சுவரில் குத்தி நின்றது. அதைப் பிடுங்கிப் பூசி மறைக்காமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். மிகச் சரியான முடிவு.

லண்டன் நாடாளுமன்றச் சதுக்கத்தில் உள்ள மிடில்செக்ஸ் கில்டுஹாலுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 1913இல் முடிந்து, குற்ற வழக்குகளை விசாரிக்கும் நீதிமன்றமாகவும் இயங்கிவந்த அந்தக் கட்டடம் 2009இல் பிரிட்டனின் உச்ச நீதிமன்றமானது. அதற்காக விசாரணை அறைகளின் பழைய தளவாடங்கள் பலவற்றைப் பெயர்த்து எடுத்தார்கள். பாரம்பரிய ஆர்வலர்கள் தொடுத்த வழக்கும் தோற்றது. மேல்முறையீடு கேட்கும் மன்றத்துக்குக் கூண்டும் ஜூரி இருக்கையும் தேவையில்லை என்ற வாதத்தில் நியாயம் உண்டு. ஆனாலும் ஓர் அறையையாவது முழுமையாக விட்டிருக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. கழற்றிக் கிடங்கில் அடுக்கிய மேடை வெறும் மரச்சாமான்; யார் எங்கே நின்றார், யாரை நிமிர்ந்து பார்த்தார் என்பதை அதனால் சொல்ல முடியாது.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். இங்கிலாந்தில் பாரம்பரியப் பட்டியலில் ஏறிய கட்டடத்துக்கு உள்ள பாதுகாப்பு, பொதுவாக அதன் உட்புறத்துக்கும் சேர்த்துத்தான். அதன் தன்மையைப் பாதிக்கும் மாற்றத்துக்கு முன் அனுமதி வேண்டும். விண்ணப்பம் வந்ததும் உள்ளூர் நிர்வாகம் அறிவிப்பு வெளியிடும். கருத்துச் சொல்ல வழக்கமாக 21 நாள் அவகாசம் உண்டு. நிபுணராகவோ உரிமையாளராகவோ இல்லாதவரும் எழுதலாம். எழுதும்போது 'அழகான கட்டடம்' என்று நிறுத்திவிடாமல், எந்த அறையில் எந்தக் கூண்டு, எந்தப் படிக்கட்டு, எந்தக் கதவு என்று பெயர் குறிப்பிட்டு எழுதுங்கள்.