மூழ்கினாலும் பிழைக்கும் நெல்

நெல் தண்ணீரில் வளரும் பயிர்தானே, பிறகு ஏன் வெள்ளத்தில் அழுகிப்போகிறது? டெல்டாவில் ஐப்பசி, கார்த்திகை மழையில் சம்பா மூழ்கியது என்று செய்தி வரும்போதெல்லாம் வயல் பக்கம் போகாதவர்கள் கேட்கும் கேள்வி இது. நல்ல கேள்வி. நெல்லில் தண்ணீரில் நிற்கப் பழகியது வேர்தான், இலை அல்ல. இலையிலிருந்து தண்டு வழியாக வேர்நுனி வரை காற்று இறங்கிப்போக நெல்லுக்குள் குழல் போன்ற இடைவெளிகள் உண்டு. இலைநுனி தண்ணீருக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் வரை சேற்றுக்குள் இருக்கும் வேரும் மூச்சு விடும். நுனியும் மூழ்கிவிட்டால் அந்த வழி அடைபட்டுப்போகிறது. காற்றில் பரவுவதைவிட ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு மெதுவாகத்தான் வாயுக்கள் நீரில் பரவும். ஆக்சிஜன் உள்ளே வராது. ஒளிச்சேர்க்கைக்கு வேண்டிய கார்பன் டை ஆக்சைடும் வராது. வெள்ளம் கலங்கலாக இருந்தால் வெயிலும் இலைக்கு எட்டாது.

உலக மக்கள்தொகை 2022 நவம்பரில் 800 கோடியைத் தொட்டது. இந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் அது 1,000 கோடியைத் தாண்டும் என்று ஐ.நா. கணித்திருக்கிறது. அவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு அன்றாட உணவு அரிசி. இத்தனை பேருக்கும் சோறு போட வேளாண் ஆராய்ச்சி என்ன செய்யப்போகிறது என்ற பேச்சு வந்தாலே, ஏக்கருக்கு இன்னும் எத்தனை மூட்டை கூடுதலாக எடுக்கலாம் என்றுதான் கணக்குப் போடுகிறோம். எல்லாம் ஒழுங்காக நடந்த ஆண்டின் உச்ச விளைச்சல் மட்டுமே கண்ணில் படுகிறது. எதுவும் ஒழுங்காக நடக்காத ஆண்டில் கைக்கு என்ன வந்தது என்பதும் அதே அளவு முக்கியம் என்பது என் கருத்து. இந்தியாவிலும் வங்கதேசத்திலும் மட்டும் ஆண்டுதோறும் வெள்ளத்தில் போகும் நெல் ஏறத்தாழ 40 லட்சம் டன் என்று பிலிப்பைன்ஸில் இருக்கும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. மூன்று கோடிப் பேருக்கு அது போதும். இது புதிதாக விளைவிக்க வேண்டிய நெல் அல்ல. உழுது, நாற்று விட்டு, நட்டு, உரமும் போட்ட பிறகு இழக்கும் நெல். அதைக் காப்பாற்றும் ஆராய்ச்சி எப்படி நடந்தது, அந்த நெல் எப்படிப் பிழைக்கிறது என்பதைத்தான் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

மூழ்கிய பயிர் சும்மா கிடப்பதில்லை. செடியின் ஒவ்வொரு செல்லும் கொஞ்சம் எத்திலீன் வாயுவை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். காய் பழுக்கக் காரணமான அதே எத்திலீன்தான். காற்றில் நிற்கும் செடியிலிருந்து அது வெளியேறிவிடும். தண்ணீருக்குள் வெளியேற வழியில்லாமல் திசுக்களில் தேங்கும். அந்தத் தேக்கம்தான் தலைக்கு மேல் வெள்ளம் வந்துவிட்டது என்று செடிக்குக் கிடைக்கும் தகவல். உடனே வளர்ச்சியைத் தூண்டும் ஜிப்ரெல்லின் என்ற ஹார்மோனின் கை ஓங்குகிறது. எப்படியாவது நீர்மட்டத்துக்கு மேலே தலையை நீட்டிவிட வேண்டும் என்று இலையும் தண்டும் விறுவிறுவென்று நீளத் தொடங்குகின்றன.

அதற்கான செலவை எங்கிருந்து எடுப்பது? சேர்த்து வைத்த மாவுச்சத்திலிருந்துதான். ஆக்சிஜன் இருந்தால் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறிலிருந்து 30 ஏ.டி.பி. மூலக்கூறுகள் வரை செல்லுக்கு ஆற்றலாகக் கிடைக்கும். ஆக்சிஜன் இல்லாமல் வெறும் நொதித்தலில் இரண்டுதான் தேறும். வரவு நின்றுபோன வீட்டில் விதைநெல்லையும் குத்திச் சமைப்பது போன்ற நிலை இது. இரண்டு மூன்று நாளில் தண்ணீர் வடிந்தால் தப்பிக்கலாம். ஒரு வாரம், பத்து நாள் நின்றுவிட்டால் சேமிப்பு முழுவதும் கரைந்துபோகும். தண்ணீர் வடிந்ததும் அந்த நீண்ட, மெலிந்த இலைகள் நிற்கத் தெம்பில்லாமல் சேற்றில் படுத்து அழுகும்.

நீண்டு தப்பிப்பது தவறான உத்தி என்று சொல்லிவிட முடியாது. வங்கதேசத்திலும் தாய்லாந்திலும் மாதக்கணக்கில் வெள்ளம் நிற்கும் பகுதிகளில் ஆழ்நீர் நெல் என்று ஒரு வகை உண்டு. தண்ணீர் ஏற ஏற நாளுக்கு 20 சென்டிமீட்டருக்கும் மேல் வளர்ந்து, நீர்மட்டத்தோடு கூடவே ஏறும். தண்ணீர் வடியவே வடியாது என்னும் இடத்தில் அதுதான் சரியான வழி. தண்ணீர் ஏறி, பத்துப் பன்னிரண்டு நாளில் இறங்கிவிடும் இடத்தில்தான் இந்த ஓட்டம் செடியைக் கொல்கிறது. அங்கே வேண்டியது வேறு குணம்.

அந்தக் குணம் ஒடிசாவின் உழவர்களிடம் ஏற்கெனவே இருந்தது. வெள்ளம் வந்து போகும் தாழ்நிலங்களில் அவர்கள் தலைமுறை தலைமுறையாக விதைத்துக் காத்த ஒரு நாட்டு ரகத்திலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டது எஃப்.ஆர். 13ஏ. முழுக்க மூழ்கி இரண்டு வாரம் கிடந்தாலும் மறுபடி துளிர்க்கும். உலகெங்கும் திரட்டிய நெல் ரகங்களை 1970-களில் தொட்டிகளில் மூழ்கடித்துச் சோதித்தபோது தேறிய மிகச் சிலவற்றில் இது முன்வரிசையில் நின்றது. இலங்கையிலிருந்து போன குர்கருப்பன் என்ற ரகமும் அந்தப் பட்டியலில் உண்டு. இத்தகைய ரகங்களை யாராவது தொடர்ந்து விதைத்து வந்திருக்காவிட்டால், விதை வங்கியில் பத்திரப்படுத்தியிருக்காவிட்டால், பின்னால் வந்த எந்த ஆய்வகமும் தேடிக் கண்டுபிடிக்க எதுவும் இருந்திருக்காது.

எஃப்.ஆர். 13ஏ உயரமானது, விளைச்சல் குறைவானது. நல்ல ரகங்களோடு அதைக் கலந்து பார்த்தார்கள். வெள்ளத்தைத் தாங்கும் குணம் வந்தது, ஆனால் வேண்டாத பல குணங்களும் கூடவே வந்தன. உழவர்கள் அந்தக் கலப்புகளை ஏற்கவில்லை. சோறு எப்படி வேகும், சந்தையில் என்ன விலை போகும், எத்தனை நாளில் அறுப்புக்கு வரும் என்று எல்லாம் தெரிந்த ரகத்தை விட்டுவிட்டு, என்றோ வரும் வெள்ளத்துக்காக வேறொன்றுக்கு யார் மாறுவார்கள்?

இந்த முட்டுக்கட்டையை உடைத்தது மரபணு ஆராய்ச்சி. கெனாங் சூவும் டேவிட் மெக்கிலும் 1996-இல் இந்தக் குணத்தின் பெரும்பகுதிக்குக் காரணம் நெல்லின் ஒன்பதாவது குரோமோசோமில் உள்ள ஒரே ஒரு பகுதி என்று காட்டினார்கள். அதற்கு சப் 1 என்று பெயர். பத்தாண்டு கழித்து, 2006-இல், பமீலா ரொனால்ட், ஜூலியா பெய்லி-செரஸ் ஆகியோரும் சேர்ந்த குழு அந்தப் பகுதிக்குள் இருந்து சப் 1ஏ என்ற மரபணுவைப் பிரித்தறிந்து வெளியிட்டது. பெரும்பாலான நெல் ரகங்களில் இந்த மரபணு இல்லவே இல்லை, அல்லது வலுவில்லாத வடிவத்தில் இருக்கிறது.

சப் 1ஏ செய்வது இதுதான். செடிக்குள் எத்திலீன் தேங்கியதும் இதுவும் விழித்துக்கொள்ளும். ஆனால் நீளச் சொல்லும் கட்டளையை நிறைவேற்ற விடாது. ஜிப்ரெல்லினின் செயலை அடக்கும் இரண்டு புரதங்களைச் செல்லில் பெருக வைக்கும். ஹார்மோன் இருந்தாலும் அதன் பேச்சு எடுபடாது. நீட்சி நிற்கிறது, மாவுச்சத்து கரையும் வேகம் குறைகிறது, இலையின் பச்சையம் சீக்கிரம் சிதைவதில்லை. உயிரைப் பிடித்துவைக்கத் தேவையான அளவு நொதித்தல் மட்டும் நடக்கிறது. செடி அப்படியே அடங்கிக் கிடக்கிறது. தண்ணீர் வடிந்த பிறகு, மிச்சம் வைத்த சேமிப்பிலிருந்து குருத்து புது இலை விடுகிறது.

வடிந்த பிறகும் ஓர் ஆபத்து இருக்கிறது. பல நாள் ஆக்சிஜன் இல்லாமல் கிடந்த செல்லுக்குள் திடீரென்று காற்று நுழையும்போது, திசுவை அரிக்கும் தீவிர ஆக்சிஜன் மூலக்கூறுகள் உருவாகும். வெயில் பட்டதும் இலை நீரை இழந்து வாடும். இந்த இரண்டையும் தாங்கவும் சப் 1ஏ துணை நிற்கிறது என்று பின்னர் தெரியவந்தது.

இதில் என்னை மிகவும் ஈர்த்த செய்தி ஒன்று உண்டு. ஆழ்நீர் நெல்லை நீளவைக்கும் ஸ்நார்க்கெல் என்ற மரபணுக்களை 2009-இல் ஜப்பானின் நகோயா ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். அவையும் சப் 1ஏ-யும் ஒரே குடும்பம். ஒரே எத்திலீன் செய்திக்கு ஒன்று ஓடு என்கிறது, மற்றது பொறு என்கிறது. 2018-இல் இன்னொரு கண்ணியும் கிடைத்தது. 1966-இல் வந்த ஐ.ஆர். 8 குட்டையாக இருந்ததற்குக் காரணம், ஜிப்ரெல்லின் தயாரிப்பில் ஈடுபடும் எஸ்.டி. 1 என்ற மரபணு அதில் பழுதுபட்டிருந்தது. குட்டையானதால்தான் அதிக உரம் போட்டாலும் சாயாமல் கதிரைச் சுமந்தது. அதே எஸ்.டி. 1 மரபணுவின் வீரியமான வடிவம்தான் ஆழ்நீர் நெல் நீள உதவுகிறது. பசுமைப் புரட்சிக்குக் கைகொடுத்த குட்டைத்தன்மையும் வெள்ளத்தில் தப்பிக்கும் நீட்சியும் ஒரே மரபணுவில் வந்து முட்டுகின்றன.

மரபணு எங்கே இருக்கிறது என்று தெரிந்த பிறகு, வேண்டியதை மட்டும் எடுக்கலாம். கிழக்கிந்தியாவில் லட்சக்கணக்கான ஏக்கரில் பயிராகும் சுவர்ணா ரகத்தை எடுத்துக்கொண்டார்கள். வெள்ளம் தாங்கும் ரகத்தோடு கலந்தால் பிறக்கும் செடியில் பாதி சுவர்ணா. அதை மறுபடி சுவர்ணாவோடு கலந்தால் முக்கால், அடுத்த முறை எட்டில் ஏழு. இது பின்கலப்பு என்ற பழைய முறைதான். ஒவ்வொரு தலைமுறையிலும் செடியை வளர்த்து, மூழ்கடித்து, பிழைக்கிறதா என்று பார்க்க வேண்டியதில்லை என்பதுதான் புதிது. நாற்றிலிருந்து துளி இலை எடுத்து, சப் 1 பகுதி வந்திருக்கிறதா, அதன் இருபுறமும் சுவர்ணாவின் மரபே இருக்கிறதா என்று டி.என்.ஏ. அடையாளங்களைக் கொண்டு பார்த்துவிடலாம். இரண்டு மூன்று பின்கலப்பிலேயே வெள்ளம் தாங்கும் சுவர்ணா கிடைத்தது. சாதாரணக் கலப்பில் பிறந்ததால் இது மரபணு மாற்றப் பயிர் அல்ல. 2009-இல் இந்தியாவில் சுவர்ணா சப் 1 வெளியானது. அதே வழியில் உருவான சி.ஆர். 1009 சப் 1 நம் டெல்டாவில் சம்பாவுக்கு விதைக்கப்படுகிறது. அதன் மூல ரகம் இங்குள்ளவர்கள் சாவித்திரி என்றும் பொன்மணி என்றும் அறிந்த மோட்டா நெல்.

வயலில் இது எவ்வளவு பயன்பட்டது? ஒடிசாவின் 128 கிராமங்களில் பொருளாதார ஆய்வாளர்கள் நடத்திய சோதனையின் முடிவு 2013-இல் வெளியானது. பத்து நாள் மூழ்கிய வயலில், வழக்கமான ரகத்தைவிட சுவர்ணா சப் 1 ஏறத்தாழ 45 சதவீதம் கூடுதலாக விளைந்தது. வெள்ளம் வராத வயலில் விளைச்சல் குறையவில்லை. வெள்ளம் தேங்கும் தாழ்நிலங்களில் தாழ்த்தப்பட்ட சமூகத்தினரே அதிகம் பயிர் செய்வதால், பயனும் அவர்களுக்கே கூடுதலாகப் போய்ச் சேரும் என்றும் அந்த ஆய்வு சொன்னது. எல்லாருக்கும் ஒரே மாதிரி கொடுத்தாலும் நொந்தவர்களுக்கு அதிகம் பயன்படும் கண்டுபிடிப்புகள் அரிது.

அதே உழவர்களைத் தொடர்ந்து கவனித்ததில் இன்னொன்றும் தெரிந்தது. பயிர் மொத்தமாகப் போய்விடாது என்ற நம்பிக்கை வந்ததும் அவர்கள் கூடுதல் நிலத்தில் பயிர் வைத்தார்கள், கூடுதலாக உரமிட்டார்கள், தூவி விதைப்பதை விட்டு நடவுக்கு மாறினார்கள், கடன் வாங்கவும் துணிந்தார்கள். அதனால் வெள்ளம் வராத ஆண்டிலும் விளைச்சல் ஏறியது. உச்ச விளைச்சலை நேரடியாகத் துரத்தாமல், அடிமட்ட இழப்பைத் தடுத்ததன் மூலமே உச்சமும் உயர்ந்தது.

இந்த மரபணுவின் எல்லைகளையும் சொல்லியாக வேண்டும். இது பயிர் வளரும் பருவத்தில் வரும் வெள்ளத்துக்கானது. பூக்கும் நேரத்தில் மூழ்கினால் காப்பாற்றாது. இரண்டு வாரத்துக்கு மேல் நீர் நின்றாலோ, நீர் மிகச் சூடாகவோ கலங்கலாகவோ இருந்தாலோ பிழைப்பது கடினம். முழங்கால் அளவு தண்ணீர் வடியாமல் மாதக்கணக்கில் தேங்கும் நிலத்தில், நீளாமல் அடங்கிக் கிடக்கும் குணமே பாதகமாகிவிடும். வாய்க்காலைத் தூர் வாரி வடிகால் அமைக்க வேண்டிய இடத்தில் விதையை மட்டும் கொடுத்துவிட்டு ஒதுங்க முடியாது.

இன்னொரு இடைவெளி முளைக்கும் பருவம். ஆள் கிடைக்காமல் நேரடி விதைப்புக்கு மாறும் வயல்களில், விதைத்த கையோடு மழை பெய்து நீர் தேங்கினால் விதை மண்ணுக்குள்ளேயே அழுகும். சப் 1ஏ இங்கே உதவாது. இந்தக் கட்டத்துக்கு வேறொரு மரபணு 2015-இல் கிடைத்தது. மியான்மரின் காவ் லான் ஆன் என்ற நாட்டு நெல்லிலிருந்து வந்தது அது. தண்ணீருக்கடியில் விதையின் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கி முளையை நீளவைக்கும். முளைக்கும்போது நீள வேண்டும், வளர்ந்த பின் அடங்க வேண்டும். ஒன்றுக்கொன்று எதிரான இந்த இரண்டு குணங்களும் ஒரே செடியில் இடைஞ்சல் இல்லாமல் வேலை செய்யுமா? இரண்டையும் சேர்த்த நெல் வரிசைகளை ஆய்வாளர்கள் ஏற்கெனவே உருவாக்கிச் சோதித்திருக்கிறார்கள். இரண்டும் வெவ்வேறு பருவத்தில் வேலை செய்வதால் ஒன்றை ஒன்று கெடுப்பதில்லை.