மிமோசா: தொட்டாற்சிணுங்கியா, சீகையா?

பிப்ரவரி மாதத்தில் தெற்குப் பிரான்சின் மத்தியதரைக் கடலோரக் குன்றுகள் மஞ்சள் பூத்துக் கிடக்கும். போர்ம்-லே-மிமோசா என்ற மலையூரிலிருந்து வாசனைத் தைலத்துக்குப் பெயர்போன கிராஸ் நகரம் வரை 130 கிலோமீட்டர் செல்லும் வழிக்கு 'மிமோசா சாலை' என்றே பெயர். ஜனவரி முதல் மார்ச் வரை இந்தப் பூவைக் காணவே பயணிகள் வருகிறார்கள். தாவரவியலில் மிமோசா என்பது தொட்டாற்சிணுங்கியின் பெயர்தான்; ஆனாலும் இதை 'தொட்டாற்சிணுங்கிச் சாலை' என்று தமிழாக்குவது பெரும்பிழை. தொட்டாற்சிணுங்கி தரையோடு படரும் முட்செடி. அங்கே பூப்பதோ பத்து மீட்டருக்கும் மேல் ஓங்கும் மரம்; அதன் இலை தொட்டால் சுருங்காது.

குழப்பம் பெயரிலேயே இருக்கிறது. கிரேக்கத்தில் 'மிமோஸ்' என்றால் பாவனை செய்யும் கூத்தர். தொட்டதும் மடங்கும் இலை விலங்கின் அசைவைப் பாவனை செய்கிறது என்பதால் அந்தச் செடி 'மிமோசா' ஆயிற்று. அதே இலையில் நம்மவர்கள் கண்டது சிணுங்கும் குழந்தையை! எனக்கு நம் பெயரே உயிருள்ளதாகப் படுகிறது. 1753இல் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் வேல மர வகைகளையும் மிமோசாவோடு சேர்த்தே வைத்தார். பின்னர் அவை 'அகேசியா' என்று பிரிந்தன; பிரெஞ்சுக் கரையில் பூக்கும் மரமும் அந்த இனமே. ஆனால் பிரெஞ்சுக்காரர் வாயில் பழைய பெயரே நிலைத்துவிட்டது. போர்ம் ஊர் 1968இல் அதைத் தன் பெயரோடும் சேர்த்துக்கொண்டது.

மரத்தின் தாயகம் தென்கிழக்கு ஆஸ்திரேலியா. ஒரு பூங்கொத்தைக் கண்ணருகே பிடித்துப் பாருங்கள். மஞ்சள் மணி ஒவ்வொன்றும் ஒரு பூ அன்று, பல நுண்பூக்களின் திரள். இதழ்கள் கண்ணுக்கே தெரியாது. மஞ்சளாகத் தெரிபவை மகரந்தத் தாள்கள்.

இதற்குத் தமிழ்ப் பெயர் தேடி அலைய வேண்டியதில்லை. 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் இதே மரத்தை நீலகிரிக்கும் கொண்டுவந்தார்கள். அங்குள்ளவர்கள் இதைச் 'சீகை மரம்' என்கிறார்கள். இறகுபோன்ற இலையும் உருண்டைப் பூவும் சீகைக்காய்க் கொடியை நினைவூட்டுகின்றன. புல்வெளிகளையும் சோலைகளையும் இது ஆக்கிரமித்ததால் அங்கே சீகை என்றால் வெட்ட வேண்டிய மரம்; பிரெஞ்சுக் கரையிலும் அது தானாகவே காட்டில் பரவியிருக்கிறது.

'அகேசியா டீல்பேட்டா' என்ற இதன் தாவரவியல் பெயரிலுள்ள 'டீல்பேட்டா' என்ற சொல்லுக்கு வெள்ளை பூசப்பட்டது என்று பொருள். இளந்தண்டிலும் இலையிலும் படிந்த வெண்பொடியே காரணம். ஆகவே மரத்தை 'வெண்சீகை' என்றும், பயண வழியைச் 'சீகைப்பூச் சாலை' என்றும் எழுதலாம் என்பது என் பரிந்துரை. ஊர்ப்பெயரில் மட்டும் மிமோசா அப்படியே இருக்கட்டும்.